காதடியில் ஒரு வலியில்லாத கட்டி

(பொதுமக்களுக்காக ஆற்றிய மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேச நம்மிடம் பலர் இருக்கிறார்கள். அது இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டிகளைப் பற்றித்தான் யாரும் மேடையில் பேசுவதில்லை. தலை, கழுத்துப் பகுதியில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு வரைதான் இந்த வகை. அரிதாக வருவதால் நோயாளிக்கும் இது புதிது, பல நேரங்களில் முதலில் பார்க்கிற மருத்துவருக்கும் புதிது. இந்த நோயில் முதல் சிகிச்சை எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தே மீதி வாழ்நாள் அமைகிறது. முதல் முறை சரியாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு முடிந்துவிடும். முதல் முறை அரைகுறையாக எடுத்துவிட்டால், இரண்டாவது முறை கத்தி வைக்கிற எவருக்கும் கை நடுங்கும். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதைச் சுரக்கப் பெரிய சுரப்பிகள் மூன்று இணை இருக்கின்றன. காதுக்கு முன்னும் கீழுமாகப் படர்ந்திருப்பது பரோட்டிட். தாடை எலும்புக்குக் கீழே இருப்பது தாடையடிச் சுரப்பி. நாக்குக்கு அடியில் இருப்பது நாக்கடிச் சுரப்பி. இவை போக உதட்டின் உட்புறம், அண்ணம், கன்னத்தின் உட்சுவர், நாக்கு என வாய் முழுக்க அறுநூறிலிருந்து ஆயிரம் வரை சிறு சுரப்பிகள் விரவிக் கிடக்கின்றன.

உட்கார்ந்த இடத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தை நாக்கு நுனியால் தடவுங்கள். சிறிய மேடு ஒன்று தட்டுப்படும். பரோட்டிட் சுரப்பியின் குழாய் வாய்க்குள் திறக்கும் இடம் அது. புளியங்காயை நினைத்தாலே ஊறுகிற நீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் குழாயைக் கண்டறிந்தவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டென்மார்க் இளைஞர். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டார். அப்போது அவருக்கு வயது 22. வீட்டில் இடம் கொடுத்துப் பாடமும் சொன்ன ஆசிரியரே பிறகு "அது என் கண்டுபிடிப்பு" என்று வழக்காடினார். ஸ்டென்சன் பின்னாளில் பாறை அடுக்குகளை ஆராய்ந்து நிலவியலுக்கு அடித்தளம் போட்டு, கத்தோலிக்க ஆயராகவும் ஆனார். குழாய் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். பரோட்டிட் சுரப்பிக்கு வேறு எந்தச் சுரப்பிக்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. முகத்தை அசைக்கிற நரம்பு அதற்குள்ளே புகுந்து போகிறது. காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் ஒரு சிறு துளை வழியாக அந்த நரம்பு வெளியே வருகிறது. வந்ததும் சுரப்பிக்குள் நுழைந்து இரண்டாகப் பிரிந்து, பிறகு ஐந்து கிளைகளாக விரிகிறது. நெற்றியைச் சுருக்க ஒன்று, கண்ணை இறுக மூட ஒன்று, கன்னத்தையும் மேலுதட்டையும் அசைக்க ஒன்று, கீழுதட்டின் ஓரத்தை இழுக்க ஒன்று, கழுத்துத் தோலுக்கு ஒன்று. சிரிப்பதும், விசில் அடிப்பதும், வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒழுகாமல் பிடிப்பதும், தூங்கும்போது இமை மூடிக்கொள்வதும் இந்த ஐந்து கிளைகளால்தான். சில கிளைகள் நூலிழை அளவே இருக்கும். பரோட்டிட் கட்டி சிகிச்சையின் வரலாறு முழுக்க இந்த நரம்பைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட வரலாறுதான்.

எங்கே வருகிற கட்டி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் நூற்றுக்கு எழுபது, எண்பது பரோட்டிட்டில்தான் வருகின்றன. அவற்றில் ஏறக்குறைய எண்பது சதவீதம் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள். தாடையடிச் சுரப்பிக்கு வந்தால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. நாக்கடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே. வாய்க்குள் இருக்கும் சிறு சுரப்பிகளிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். ஆக, சுரப்பி சிறியதாக ஆக ஆக, அதில் வரும் கட்டியின் மீது சந்தேகம் கூட வேண்டும். அண்ணத்தில் ஒரு பக்கமாக, புண்ணில்லாமல், வழவழப்பாக ஒரு மேடு வந்தால் பல் வேரில் சீழ் கட்டியிருக்கிறது என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிவிடுவது வழக்கமாக நடக்கிறது. பல் போனது, மேடு போகவில்லை என்றால் அதற்குமேல் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

காதடியில் வீங்கினாலே கட்டி என்று பயப்படவும் வேண்டாம். பொன்னுக்கு வீங்கி நம் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலோடு வரும், வலிக்கும், இரண்டு பக்கமும் வீங்கலாம், ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். குழாயில் கல் அடைத்தால் சாப்பிட உட்காரும்போது புடைக்கும், சாப்பிட்டு முடித்துச் சிறிது நேரத்தில் இறங்கும். அது பெரும்பாலும் தாடையடிச் சுரப்பியில் நடப்பது. காசநோய் இன்னும் ஒழியாத நாடு நம்முடையது. பரோட்டிட்டுக்குள்ளேயே நிணநீர் முடிச்சுகள் இருப்பதால் அங்கும் காசநோய்க் கட்டி வரும். அதே முடிச்சுகள் வழியாகத் தலைத்தோல், முகத்தோல் புற்றுநோய்களும் வந்து சேரலாம். வெள்ளைத் தோலும் கடும் வெயிலும் சேர்ந்த ஆஸ்திரேலியாவில் பரோட்டிட்டில் காணும் புற்றுநோய்களில் பெரும்பகுதி இப்படித் தோலிலிருந்து பரவியவை. கைக்குழந்தைக்கு அந்த இடத்தில் மெத்தென்று வீங்கினால் பெரும்பாலும் இரத்தக் குழாய்க் கட்டியாக இருக்கும். இதயத்துக்குக் கொடுக்கிற ப்ரோப்ரனலால் மருந்திலேயே அது பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது, கத்தி தேவைப்படுவதில்லை.

நான் கவலைப்படுவது வேறொரு வீக்கத்தைப் பற்றி. ஒரு பக்கம் மட்டும், கோலிக்குண்டு அளவில், வலியில்லாமல், காய்ச்சல் இல்லாமல், மாதங்கள் கடந்தும் அங்கேயே இருக்கிற வீக்கம். "வலிக்கவே இல்லையே டாக்டர், அதனால்தான் விட்டுட்டேன்" என்று சொல்லாத நோயாளி அபூர்வம். வலி இருந்தால் ஆபத்து, வலியில்லாவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பற்றுப் போடுவார்கள், தைலம் தேய்ப்பார்கள், கட்டி வளராமல் இருந்தால் குணமாகிறது என்று நம்புவார்கள். இந்தக் கட்டிகள் தைலத்தால் கரைவதில்லை. மெதுவாக வளர்வது அவற்றின் இயல்பு, அவ்வளவுதான்.

இப்படி வருபவற்றில் மிக அதிகம் காண்பது ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற கட்டி. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்காரர்களிடம் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் சற்றுக் கூடுதல். இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்தக் கட்டிக்குள்ளேயே புற்றுநோய் முளைக்கலாம். முதல் ஐந்தாண்டில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், 15 ஆண்டுகள் தாண்டினால் பத்தை நெருங்குகிறது. பத்து, இருபது ஆண்டுகளாகச் சும்மா இருந்த கட்டி திடீரென்று சில மாதங்களில் வேகமாகப் பெருத்தால் அதுதான் நடக்கிறது என்று அஞ்ச வேண்டும். இன்னொரு காரணம், கட்டி பெரிதாகப் பெரிதாக நரம்பு அதன்மேல் நீட்டி இழுக்கப்பட்டு மெலிந்துபோகிறது. சிறியதாக இருக்கும்போது எடுப்பது நரம்புக்கும் நல்லது, அறுப்பவருக்கும் எளிது.

இந்தக் கட்டியைக் கையில் தொட்டால் உருண்டையாக, நன்றாக நகரும். தோலைக் கீறி விரலால் தோண்டினால் வெளியே வந்துவிடும்போலத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகம் முழுவதும் அப்படித்தான் எடுத்தார்கள். நரம்புப் பக்கமே போகாமல் கட்டியை மட்டும் உறையிலிருந்து உரித்து எடுப்பது பாதுகாப்பானது என்று நம்பினார்கள். நோயாளிகளுக்கு முகம் கோணவில்லை, காயம் ஆறியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் நூற்றுக்கு இருபதிலிருந்து நாற்பத்தைந்து பேர் வரை மீண்டும் கட்டியோடு வந்தார்கள்.

ஏன் என்ற கேள்விக்கு லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் டேவிட் பேட்டியும் நோயியல் மருத்துவர் தாக்ரேயும் 1958இல் தெளிவான விடை தந்தார்கள். சுரப்பியோடு சேர்த்து எடுத்த கட்டிகளைத் துண்டு துண்டாக வெட்டி நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்த்தார்கள். கட்டியின் உறை முழுமையானதே அல்ல. சில இடங்களில் மெலிந்து, சில இடங்களில் இல்லாமலே இருந்தது. மேலே பார்த்தால் உருண்டையாகத் தெரிகிற கட்டி, உண்மையில் இஞ்சிக் கிழங்கைப்போலச் சிறு சிறு புடைப்புகளைச் சுற்றிலும் விட்டிருந்தது. தோண்டி எடுக்கும்போது உடல் வந்துவிடும், புடைப்புகள் உள்ளே முறிந்து தங்கிவிடும். உறை கிழிந்து உள்ளிருக்கும் வழுவழுப்பான பொருள் சிந்திவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு துளியும் ஒரு புதுக் கட்டியாக வளரக்கூடியது.

அதனால் மீண்டும் வருகிற கட்டி ஒற்றைக் கட்டியாக வருவதில்லை. என்னிடம் வந்த ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். இளவயதில் காதுக்குக் கீழே சிறியதாக ஒரு கட்டி இருந்திருக்கிறது. "கொழுப்புக் கட்டிதான், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லி, ஊசிச் சோதனைகூட இல்லாமல், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து எடுத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் வரும்போது பழைய தழும்பைச் சுற்றி, தோலுக்கு அடியிலும் தசைக்கு மேலும் கடுகும் மிளகுமாக எண்ண முடியாத முடிச்சுகள். பழைய காயத்தின் தழும்புத் திசுவில் நரம்பு எங்கே, முடிச்சு எங்கே என்று பிரித்தறிய முடியாது. அப்படிப்பட்ட அறுவையில் நரம்புக்குச் சேதம் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது; எடுத்த பிறகும் மறுபடி வராது என்று உறுதி சொல்ல முடிவதில்லை. புற்றுநோயே அல்லாத ஒரு கட்டிக்கு, ஓர் ஆயுள் முழுக்க அலைந்துகொண்டிருக்கிறார் அந்த அம்மா. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. காதைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குள் இருக்கிற எந்தக் கட்டியையும், வேறு என்னவென்று நிரூபிக்கப்படும்வரை, பரோட்டிட் கட்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "அஞ்சு நிமிஷ வேலை" என்று யார் சொன்னாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரி, எப்படிக் கண்டறிவது? முதலில் ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்டு. கட்டி சுரப்பிக்குள் இருக்கிறதா, வெளியே நிணநீர் முடிச்சா என்பது தெரிந்துவிடும். அடுத்து எஃப்.என்.ஏ.சி. என்கிற ஊசிச் சோதனை. இரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லிய ஊசி, சில செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்று சொல்லி இந்தச் சோதனையை மறுக்கிறவர்கள் நிறையப் பேர். மெல்லிய ஊசியால் அப்படிப் பரவுவது மிக மிக அரிது. பரவச் செய்யக்கூடியது கட்டியின்மேல் கத்தியால் கீறித் துண்டு எடுப்பதுதான், பரோட்டிட்டில் அதைப் பொதுவாகச் செய்யவே கூடாது. ஊசிச் சோதனை முடிவை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2018இல் மிலன் முறை என்று உலகப் பொது வரையறை வந்துவிட்டது. உங்கள் அறிக்கையில் ஒன்று முதல் ஆறு வரையான அந்தப் படிநிலை இருந்தால் அறுவை மருத்துவருக்குப் பேருதவி. ஊசிச் சோதனை எப்போதும் கடைசித் தீர்ப்பு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிவு தெளிவில்லாமல் வந்தால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கட்டி ஆழமாக இருந்தாலும், புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தாலும் எம்.ஆர்.ஐ. தேவை. நரம்பு வழியாக நோய் ஊர்ந்திருக்கிறதா என்பதை அது காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: வேறு ஏதோ நோய்க்காக பெட் ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கு பரோட்டிட்டில் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்து, "அங்கேயும் பரவிவிட்டது" என்று குடும்பமே இடிந்துபோவதுண்டு. ப்ளியோமார்ஃபிக் அடினோமாவும் வார்த்தின் கட்டியும் புற்றுநோய் அல்லாமலேயே பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும். ஊசிச் சோதனை செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வார்த்தின் கட்டி என்றேனே, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்த்தின் 1929இல் விவரித்த கட்டி அது. புகைபிடிப்பவர்களிடம் பல மடங்கு அதிகம், சில பேருக்கு இரண்டு பக்கமும் வரும். இது புற்றுநோயாக மாறுவது மிக அரிது என்பதால், வயது முதிர்ந்தவர், இதய நோயாளி என்றால் ஊசிச் சோதனையில் உறுதி செய்துகொண்டு அறுவை இல்லாமல் கண்காணித்தாலே போதும். எல்லாக் கட்டியையும் அறுத்தே தீர வேண்டும் என்பது என் கட்சி அல்ல.

இப்போது உங்கள் மனத்தில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். "வாய் கோணிப் போகுமா?" பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிற வீடு என்றால் இந்தக் கேள்வி அழுகையோடு வரும். முறையான முதல் அறுவையில், காதுக்கு முன்னால் தொடங்கி மடலுக்குக் கீழே வளைந்து கழுத்து மடிப்பில் இறங்கும் கோட்டில் கீறுகிறோம். அந்தத் தழும்பு சில மாதங்களில் மடிப்போடு மடிப்பாக மறைந்துவிடும். பிறகு கட்டியைத் தொடுவதற்கு முன் நரம்பின் அடிமரத்தைக் கண்டுபிடிக்கிறோம். அங்கிருந்து ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து, நரம்பைக் கீழே விட்டு, மேலே இருக்கிற சுரப்பிப் பகுதியைக் கட்டியோடு சேர்த்து எடுக்கிறோம். சில சிறிய கட்டிகளுக்குச் சுரப்பியில் அதைவிடக் குறைவாக எடுத்தாலே போதும். அது அனுபவம் உள்ளவர் முடிவெடுக்க வேண்டியது. நரம்பு அருகே கருவி போனால் ஒலியெழுப்பி எச்சரிக்கிற கண்காணிப்புக் கருவியும் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. இப்படி எடுத்தால் கட்டி திரும்ப வருவது நூற்றுக்கு ஓரிருவர், அதிகம் போனால் நால்வர் என்ற அளவில் நின்றுவிடும். நரம்பைத் தொட்டுப் பிரிப்பதால் முகத்தில் தற்காலிகத் தளர்ச்சி வருவது சகஜம், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தானாகத் திரும்பிவிடும். நிரந்தரமாக முகம் பாதிக்கப்படுவது முதல் அறுவையில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

முகத்துக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முகத்தைக் காப்பாற்றத்தான் சீக்கிரம் வரச் சொல்கிறோம்.

அறுவைக்குப் பிறகு காது மடலின் கீழ்ப்பகுதி மரத்துப்போயிருக்கும். தோடு போடும்போது தெரியாது, தோட்டின் திருகு குத்தினாலும் உறைக்காது. சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிலைத்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கலங்குவதில்லை. இன்னொரு விசித்திரமான பின்விளைவும் உண்டு. மாதங்கள் கழித்து, சாப்பிட ஆரம்பித்ததும் கன்னத்தில் அந்தப் பக்கம் மட்டும் சிவந்து வியர்க்கும். உமிழ்நீர் சுரக்கச் சொல்லும் நரம்பிழைகள், சுரப்பி போன பிறகு, வழி மாறித் தோலின் வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துவிடுவதால் இப்படி நேர்கிறது. 1923இல் இதில் தொடர்புடைய நரம்பை அடையாளம் காட்டியவர் லூசியா ஃப்ரே என்ற போலந்து நாட்டுப் பெண் நரம்பியல் மருத்துவர். காதடியில் குண்டு பாய்ந்த ஒரு படைவீரரைச் சோதித்து அவர் இதைக் கண்டறிந்தார். யூதரான அவர், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த ல்வூவ் நகரச் சேரியில் 1942இல் உயிரிழந்தார். ஃப்ரே நோய்க்குறி என்று நாங்கள் அன்றாடம் எழுதுகிற பெயருக்குப் பின்னால் இருக்கிற அந்த மருத்துவரைப் பற்றி மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. தொல்லை அதிகமானால் போட்டாக்ஸ் ஊசி போட்டுப் பல மாதங்களுக்கு வியர்வையை நிறுத்திவிடலாம்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். கட்டி வேகமாகப் பெரிதாவது, நகராமல் ஒட்டிக்கொள்வது, விடாத வலி, கழுத்தில் முடிச்சுகள், மேல்தோல் புண்ணாவது ஆகியவை எல்லாம் எச்சரிக்கைகள். எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டியோடு சேர்ந்து முகத்தின் ஒரு பக்கம் மெல்ல மெல்லத் தளர்வது. "முகவாதம்" என்று மருந்து சாப்பிட்டு மாதங்களை இழந்தவர்கள் உண்டு. சாதாரண முகவாதம் ஓரிரு நாளில் முழுவேகத்தில் வரும், பெரும்பாலும் சில மாதங்களுக்குள் திரும்பத் தொடங்கும். வாரம் வாரமாகக் கூடிக்கொண்டே போகிற தளர்ச்சியும், திரும்பாமலே நிற்கிற தளர்ச்சியும் வேறு. அவர்களுடைய பரோட்டிட்டைக் கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அதிகம் வருவது மியூகோஎபிடெர்மாய்டு. குழந்தைகளுக்கு வந்தாலும் பெரும்பாலும் இதுதான். மெதுவகை என்றால் அறுவையோடு குணமாகிவிடும், கடுவகை என்றால் கழுத்து முடிச்சுகளையும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுக்க வேண்டும். அடினாய்டு சிஸ்டிக் என்ற வகைதான் எங்களை நெடுங்காலம் விழிப்பாக வைத்திருப்பது. அது நரம்பின் உறைக்குள் புகுந்து ஊர்ந்துகொண்டே போகும். அறுவைக்குப் பின் ஐந்தாண்டு நன்றாக இருந்தார், குணமாகிவிட்டது என்று வேறு நோய்களில் சொல்வதைப்போல இதில் சொல்ல முடியாது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் சிறு புள்ளிகளாகத் தலைகாட்டும். அப்போதும் பதற வேண்டியதில்லை. அந்தப் புள்ளிகள் மிக மெதுவாக வளர்பவை, தொல்லையே தராமல் பல ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

புற்றுநோயிலும் அடிப்படைச் சிகிச்சை அறுவைதான். நரம்பு நன்றாக வேலை செய்கிறது, நோய் அதைப் பற்றவில்லை என்றால் புற்றுநோய் என்பதற்காக மட்டும் நரம்பை வெட்டுவதில்லை. நோய் நரம்பையே பற்றிவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அதே அறுவையிலேயே காலிலிருந்தோ கழுத்திலிருந்தோ உணர்வு நரம்பின் துண்டு ஒன்றை எடுத்து ஒட்டவைக்கிறோம். முகம் அசையத் தொடங்க மாதங்கள் ஆகும். அதுவரை கண்ணைக் காப்பது பெரிய வேலை. இமை மூடாத கண்ணின் கருவிழி உலர்ந்து புண்ணாகிவிடும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, தேவையானால் மேலிமைக்குள் சிறு தங்க எடை வைத்து இமை தானாக இறங்கச் செய்வது என வழிகள் இருக்கின்றன.

கடுவகைப் புற்றுநோய், கழுத்து முடிச்சில் பரவியது, நரம்பில் ஊர்ந்தது, ஓரத்தில் செல்கள் மிஞ்சியது ஆகியவற்றுக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு, ஆறரை வாரம். போவதற்கு முன் பல் மருத்துவரிடம் போய்ச் சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிடுங்கள். கதிர்வீச்சுக்குப் பின் உமிழ்நீர் குறைந்த வாயில் பற்கள் வேகமாகச் சொத்தையாகும். அப்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. பாதி வாரங்களில் புண்ணும் எரிச்சலும் வந்து நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இடையில் நிறுத்தாதீர்கள், இடைவெளி விழுந்தால் பலன் குறையும். கீமோ மருந்துகள் இந்த நோயில் பெரிதாக உதவுவதில்லை என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

புகையிலையால் வருகிறதா என்று கேட்பீர்கள். அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி குவின் 2014இல் 54 வயதில் பரோட்டிட் புற்றுநோயால் இறந்தார். விளையாடிய காலமெல்லாம் வாயில் அடக்கிவைத்த புகையிலைதான் காரணம் என்று அவர் நம்பினார். வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை காரணம் என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கு அந்தத் தொடர்பு அதேபோல் நிறுவப்படவில்லை. உறுதியாக நிறுவப்பட்ட காரணம் கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுகளில் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது மியூகோஎபிடெர்மாய்டு புற்றும் வார்த்தின் கட்டியும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. கைப்பேசிதான் காரணம் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று கிடையாது. பெரும்பாலான நோயாளிகளிடம் எந்தக் காரணத்தையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அவர்கள் எந்தத் தப்பும் செய்தவர்கள் அல்லர். வீட்டில் இருப்பவர்கள் அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நம்பிக்கை தரும் ஒரு செய்தி. செக் நாட்டின் பில்சன் நகர நோயியல் பேராசிரியர் அலேனா ஸ்காலோவா 2010இல் ஒன்றைக் கவனித்தார். வேறு வகைகளின் பெயரில் எழுதப்பட்டிருந்த சில உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுகள், மார்பகத்தில் மிக அரிதாக வரும் ஒரு வகைப் புற்றைப்போலவே நுண்ணோக்கியில் தெரிந்தன. சோதித்தால் இரண்டிலும் ஒரே மரபணுப் பிணைவு. பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். அந்த வகைப் பிணைவுகளைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்தை நான்கு மாதக் குழந்தையிலிருந்து 76 வயதுப் பெரியவர் வரை 55 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. நான்கில் மூன்று பேருக்குக் கட்டி சுருங்கியது. அந்த 55 பேரில் 12 பேர் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயாளிகள். அதே ஆண்டு அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. குழாய்ச் செல் புற்று என்ற கடுமையான வகையில் சிலருக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஹெர்-2 மருந்தும், சிலருக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஹார்மோன் தடுப்பும் பலன் தருகின்றன. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, நோய் திரும்பி, இனி ஒன்றுமில்லை என்று சில ஆண்டுகள் முன்புவரை வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் இவர்கள்.

யாருக்கு எந்த மருந்து என்று தெரிய, அறுவையின்போது எடுத்த கட்டியைச் சோதிக்க வேண்டும். அந்தத் திசுவை மெழுகில் பதித்து, சிறு கட்டைகளாக மருத்துவமனை நோயியல் துறையில் வைத்திருப்பார்கள். ஆண்டுகள் கடந்தும் அதிலிருந்து புதிய சோதனைகள் செய்யலாம். அவற்றை என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இந்த அறுவை எப்போதாவது நடந்திருந்தால், நாளைக்கே அந்த மருத்துவமனைக்குப் போய், அறுவைக் குறிப்பு, நோயியல் அறிக்கை, மெழுகுக் கட்டை, கண்ணாடிச் சில்லுகள் நான்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி, ஒரே உறையில் போட்டு, வெயிலும் சூடும் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த உறை உங்களோடு போகட்டும். காதடியில் எதையாவது தொட்டு உணர்ந்து சொல்லாமல் வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.